யோசெமிட்டியில் கூடாரம் போட இடம்
(நண்பர்கள் சந்திப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கலிபோர்னியாவில் இருக்கிற நம்மவர்களுக்கு, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் யோசெமிட்டியில் ஓர் இரவு கூடாரத்தில் தங்க வைக்க ஆசை. எந்த முகாம் நல்லது?

முதலில் உயரத்தைப் பாருங்கள். பள்ளத்தாக்கில் உள்ள அப்பர் பைன்ஸ் சுமார் 4,000 அடி. டுவாலமி மெடோஸ் 8,600 அடி. நம்ம ஊட்டியை விட ஆயிரம் அடிக்கு மேல் உசரம். கோடையிலும் ராத்திரி கடுங்குளிர், வயசானவங்களுக்கு மூச்சு வாங்கும். பெரியவர்களோடு போனால் பள்ளத்தாக்கே மேல்.

அடுத்து முன்பதிவு. ஜூலை 15 முதல் ஆகஸ்ட் 14 வரை அப்பர் பைன்ஸில் இடம் வேண்டுமா? ஐந்து மாதம் முன்னாடி, பிப்ரவரி 15, பசிபிக் நேரம் காலை 7 மணிக்குத் தயாராக உட்காருங்கள். தீபாவளி ரயில் டிக்கெட் மாதிரிதான், சில நிமிஷத்தில் காலி! ஓர் இடத்துக்கு 6 பேர்தான். குழந்தைகளும் கணக்கில் சேர்த்தி.

கடைசியாகக் கரடி. புளிசாதம், ஊறுகாய் மட்டுமல்ல, பற்பசை, சோப்புகூட அங்குள்ள இரும்புப் பெட்டிக்குள் போகணும். ராத்திரி காரில் வைக்கக் கூடாது. மனிதச் சாப்பாட்டில் ருசி கண்ட கரடிக்குப் பயம் போய்விடும். முடிவில் அதைக் கொல்ல வேண்டிய நிலையும் வரலாம். நம் சோம்பலுக்கு அது உயிரைக் கொடுக்க வேண்டாமே!