மூன்று நிமிடத் தோடி

திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தோடி வாசித்த இரவுகளைப் பற்றிக் காவிரிக்கரை ஊர்களில் வழங்கும் கதைகளுக்கு அளவில்லை. சுவாமி புறப்பாடு ஒரு வீதியைக் கடப்பதற்குள் நள்ளிரவு தாண்டிவிடும், இராகம் முடிந்திராது. அந்தத் தோடியை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்ததோ நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற அரக்குத் தட்டு. அது ஒரு பக்கத்திற்குத் தந்த இடம் ஏறத்தாழ மூன்று நிமிடம். வானொலி காத்து வைத்த பதிவுகள் இதனினும் நீண்டவை. எனினும் மிராசுதார் வீட்டுக் கூடத்திலும் கடைத்தெருவிலும் ஒலித்தது தட்டுத்தான்.

இந்தச் சுருக்கத்தை இழப்பு என்று மட்டும் சொல்லிவிட இயலாது. வெண்பாவின் நான்கடியில் ஊன்றி நின்ற மொழிக்குச் சுருக்கத்தின் வலிமை புதிதன்று. 1940இல் வெளிவந்த ‘காளமேகம்’ படத்தில் ஆசுகவியாகவே நடித்த கலைஞருக்கு அது புரியாதிருக்குமா? சுற்றி வளைக்க நேரமில்லாதபோது இராகத்தின் உயிர்ப்பிடியை முதல் மூச்சிலேயே காட்டியாக வேண்டும். அவர் காட்டினார்.

இழப்பு வேறிடத்தில் நிகழ்ந்தது. தஞ்சை வட்டாரத்தில் ‘மேளம்’ என்பது ஒரு கருவியின் பெயரன்று, கூட்டத்தின் பெயர். நாயனம் இரண்டு, தவில், தாளம், ஒத்து எல்லாம் சேர்ந்ததே மேளம். தட்டின் நடுவிலுள்ள வட்டச் சீட்டிலோ பெரிதாக விளங்கியது நாயனக்காரர் பெயர். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894–1949) போன்ற தவில் மேதைகள் வாழ்ந்த காலம் அது. ஆனால் கணக்கு வழக்கோடு விரியும் தனியாவர்த்தனம் மூன்று நிமிடத்தில் அடங்குமா? ஆலாபனை தட்டுக்கு இசைந்தது. தவில் பின்னுக்குப் போயிற்று.

தவிலையாவது உலகம் மறக்கவில்லை. ஒத்துக்காரரின் நிலை வேறு. விரல் வித்தைக்கு இடமின்றி ஒரே சுருதியை, மூச்சு அறாமல், இரவு முழுவதும் நிறுத்திக் காட்டியவர் அவர். அவர் ஒரு நொடி தளர்ந்தால் தோடி நிற்க நிலமில்லை. அவருக்குத் தமிழ் கொடுத்த பரிசு என்ன? ‘ஒத்து ஊதுகிறான்’ என்னும் வசை. தனக்கென்று கருத்தில்லாதவனைக் குறிக்க ஓர் அரிய கலையின் பெயரையே எடுத்துக்கொண்டோம். சொல்லாள்வோர் கூடிய அவையில் இதைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது.

ஒத்தை நீக்கிச் சுருதிப்பெட்டியைக் கொணர்ந்தவரும் இராஜரத்தினம் பிள்ளையே. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் கைத்திறத்தால் உயர்சுருதித் திமிரி விலகித் தாழ்சுருதிப் பாரி நாயனம் வந்தது. வீதிக்கு உரிய கருவி அரங்கிற்கும் ஒலிவாங்கிக்கும் இணங்கியது. மேளக்காரர் என்று தள்ளி நிறுத்தப்பட்டவர், பாட்டுக்காரருக்குச் சமமாக மேடையில் அமர்ந்தார். அந்தப் போராட்டத்தின் நியாயத்தை மறுப்பவர் யாருமில்லை. அதன் விலையை ஒத்துக்காரர் கொடுத்தார் என்பதும் உண்மையே.

மாஸ்கோப் பதிப்பகங்களின் தமிழ் நூல்களைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு ருஷ்யாவிலிருந்து ஓர் ஒப்புமை. அங்கே தடையுண்ட பாடல்களை, மருத்துவமனைகள் கழித்த எக்ஸ்ரே படலங்களில் பதித்துக் கள்ளத்தனமாக விற்றதுண்டு. விலா எலும்பின் நிழல்மேல் பாட்டு. பின்னர் லெனின்கிராதில் ‘கினோ’ என்னும் குழு எழுந்தது. 1982இல் வந்த அதன் முதல் தொகுப்பின் பெயர் ‘45’. அது ஓடும் நிமிடங்களே பெயராயின. பாடல் இயற்றிப் பாடிய விக்டர் த்சோய் 1990 ஆகஸ்டில் லாட்வியாவில் சாலை விபத்தில் மாண்டார். ஒலிநாடாவில் எஞ்சிய அவர் குரலுக்குத் தோழர்கள் கருவியிசை சேர்த்துத் தொகுப்பை முடித்தனர். கரிய உறையின்மேல் இருந்தது குழுவின் பெயர். ‘இன்னார் மேளம்’ என்று ஊரார் சொன்ன வழக்கிற்கு அந்த உறை அருகில் நிற்கிறது. தலைவர் போன பின்னும் மேளம் வாசித்தது.

நரசிங்கம்பேட்டை நாகசுரம் 2022இல் புவிசார் குறியீடு பெற்றது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தை அங்கே இன்றும் கடைகிறார்கள். கச்சேரி மேடைகளில் சுருதிப்பெட்டியின் இடத்தையும் இப்போது மின்கருவி பிடித்துக்கொண்டது. அதற்கு மூச்சு வாங்குவதில்லை.