புளிப்புக்குப் பழகுதல்

இலக்கியக் கூட்டத்தில் தயிரையும் சீஸையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தில் சீஸ் பாக்டீரியாக்களோடு வேலை செய்பவன் நான். அங்கே தொடங்கி, என் வீட்டில் கேட்ட ஒரு கேள்விக்கு வருகிறேன்.

பாலின் பிஎச் ஏறக்குறைய 6.6. உறை ஊற்றினால் பாக்டீரியா பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியே விடுகிறது. தயிர் நன்றாகத் தோயும்போது பிஎச் 4.6 அளவுக்கு இறங்கிவிடும். இரண்டு புள்ளிதானே என்று தோன்றும். அந்த அளவுகோலில் ஒரு புள்ளி என்பது 10 மடங்கு. இரண்டு புள்ளி 100 மடங்கு.

அந்த அமிலம் மறுபடி செல்லுக்குள் கசிந்து, உள்ளே பிரிந்து, புரோட்டானை விடுகிறது. செல் சவ்வில் இருக்கும் ஒரு பம்ப் அதை வெளியே தள்ளுகிறது. ஓட்டைப் படகிலிருந்து தண்ணீர் இறைப்பதுபோல, நிறுத்தாமல். அதற்கு ஏடிபி என்ற ஆற்றல் செலவாகிறது. சில வகைகள் ஆர்ஜினினை உடைத்து அம்மோனியா உண்டாக்கிப் புளிப்பை முறிக்கின்றன. சவ்வின் கொழுப்பை மாற்றிக்கொள்கின்றன. குலைந்த புரதங்களைச் சீராக மடிக்கும் உதவிப் புரதங்களைக் கூடுதலாகச் செய்துகொள்கின்றன.

இதற்கெல்லாம் அவகாசம் வேண்டும். சீஸ் செய்ய உதவும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸைத் திடீரென்று கடும் அமிலத்தில் போட்டால் பெரும்பாலானவை செத்துவிடும். முதலில் மிதமான அமிலத்தில் சிறிது நேரம் வைத்து, பிறகு அதே கடும் அமிலத்தில் போட்டால், பிழைப்பவை பல மடங்கு அதிகம். எமென்டால் சீஸில் ஓட்டைகளை உண்டாக்கும் புரோப்பியோனிபாக்டீரியத்திலும் இதைக் கண்டிருக்கிறார்கள். வயிற்று அமிலத்தைத் தாண்டவேண்டிய புரோபயாட்டிக் பாக்டீரியாக்களுக்கும் இது முக்கியம்.

இனி வீட்டுக்கதை. என் மகனை 12 வயதில், பள்ளி ஆண்டின் நடுவில் இங்கே அழைத்துவந்தேன். ஜெர்மன் ஒரு சொல்கூடத் தெரியாது. ராத்திரியில் அழுவான். "கஷ்டப்பட்டாத்தான்டா தேறுவே, நாங்கல்லாம் அப்படித்தான் வந்தோம்" என்பேன். அழுகை நின்றது. பேச்சும் குறைந்துபோனது. தேறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது அவனுக்கு 17 வயது. போன மாதம் ஆய்வகத்துக்கு வந்தான். கடும் அமிலத்திலிருந்து தப்பியவற்றை வளர்த்த இரண்டு தட்டுகளைக் காட்டினேன். நேரடியாகப் போட்டதில் நாலைந்து புள்ளிகள். பழக்கிப் போட்டதில் எண்ணி மாளாது. விளக்கி முடித்ததும் கேட்டான்: "என்னை எந்தத் தட்டுல போட்டீங்கப்பா?"

எனக்குப் பதில் வரவில்லை. அன்று இரவுதான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பாக்டீரியாவை வைத்துப் பிள்ளை வளர்ப்புக்கு விதி எழுத முடியாது என்பது தெரியும். ஆனால் 'கஷ்டம் பலம் தரும்' என்று நான் சொல்லிவந்தது பாதி உண்மைதான் என்று எனக்குப் புரியவைத்தது அதுதான். மிச்சப் பாதி, அவகாசம். இன்னொன்றும் உண்டு. பம்புக்குப் போன ஆற்றல் வளர்ச்சிக்குக் கிடைக்காது. அமிலத்தில் தாக்குப்பிடிக்கும் பாக்டீரியா மெதுவாகத்தான் பெருகும், அல்லது பெருகாமலே இருக்கும்.

நம் புலம்பெயர் கதைகளில் தாக்குப்பிடித்தவர்கள் நிறைய வருகிறார்கள். அதற்கு அவர்கள் என்ன செலவழித்தார்கள் என்ற கணக்கையும் யாராவது எழுதினால், முதல் ஆளாக வாசிப்பேன்.