சீனத்துப் பரீட்சையும் குடிகளின் உயர்வும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உழவன் மகனும் கற்றால் மந்திரியாகலாம் என்னும் முறை சீன தேசத்தில் நிலவியது என்று பலர் புகழ்ந்துரைப்பர். அப்புகழுரை எவ்வளவு மெய், எவ்வளவு மிகை என்று ஆராய்வதே இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள். கல்வியால் உயர விழையும் எச்சமூகத்தார்க்கும் இவ்வாராய்ச்சி பயன்படுமென்று நம்புகிறோம்.

உத்தியோகத்துக்குப் பரீட்சை வைக்கும் வழக்கம் சூய் அரசர் காலத்தில், கி. பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்றது. இடையிடையே தடைப்பட்டதாயினும், 1905-ஆம் ஆண்டில் சிங் அரசு அதனை ஒழிக்கும் வரை, ஏறத்தாழ 1300 ஆண்டுகள் அது நிலைத்திருந்தது. தாங் அரசர் காலத்தில் மேற்பட்டம் பெற்றோர் மிகச் சிலரே. அவருட் பெரும்பாலார் பழம்பெருங்குடியினர். சுங் அரசர் காலத்திலேதான் (960–1279) வாயில் அகன்றது. விடைத்தாளில் எழுதியவன் பெயரை மூடி ஒட்டினர். கையெழுத்தைக் கொண்டு ஆளை அறிதலும் கூடுமன்றோ? ஆதலின், எழுத்தர்களைக் கொண்டு விடை முழுவதையும் வேறு தாளிற் பெயர்த்தெழுதுவித்து, அப்படியையே பரீட்சகர் கையிற் கொடுத்தனர். மந்திரி மகன் எழுதியது எது, வறியவன் மகன் எழுதியது எது என்று அவர் அறியார்.

இதன் பயன் யாது? 1148, 1256 ஆகிய ஈராண்டுகளில் தேறினோர் பட்டியல்கள் அழியாமல் உள்ளன. முன்னதில், பழநூல்களுக்கு உரைகண்ட பேரறிஞர் சூ சீயின் பெயர் காணப்படுகிறது. குடிவழி தெரிந்தோருள் பாதிக்கு மேற்பட்டோர்க்குத் தந்தை, பாட்டன், முப்பாட்டன் மூவருள் ஒருவரேனும் உத்தியோகம் வகித்திலர் என்று கிராக்கே என்னும் அமெரிக்க ஆசிரியர் 1947-இல் காட்டினார். மிங், சிங் காலங்களில் தேறிய பன்னீராயிரவர்க்கு மேற்பட்டோரை ஆராய்ந்த ஹோ பிங்தி என்பவர், நூற்றுக்கு 30 பேர் அளவில் பட்டமே இல்லாத குடிகளிலிருந்து வந்தனர் என்று 1962-இல் எழுதினார். பின்வந்தோர் இதனை மறுத்து, தந்தை வழி மூவரை மட்டும் நோக்கினாற் போதாது. சிற்றப்பன், மாமன், பெண் கொடுத்தோன் ஆகியோரையும் நோக்கின் புதியவர் தொகை குறையும் என்றனர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. வாயில் திறந்திருந்தது, அவ்வாயில்வரை நடந்து செல்லப் பொருள் வேண்டியிருந்தது.

மனப்பாடம் செய்ய வேண்டிய நூல்கள் நான்கு லட்சம் எழுத்துக்களுக்கு மேற்பட்டவை. அவை வீட்டிற் பேசும் மொழியிலும் அமைந்தன அல்ல. கலப்பை பிடிக்க வேண்டிய கையில் தூரிகையைக் கொடுத்து, இருபது முப்பது ஆண்டு ஒருவனுக்குச் சோறிடுவார் யார்? இவ்வினாவுக்கு விடை கண்டவர்களுள் தலைசிறந்தவர் பான் சுங்யென் என்னும் பெரியார். 989-இல் பிறந்த இவர், குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். உறைந்த கஞ்சியைத் துண்டுகளாக வகுத்து, வேளைக்குச் சிறிதாக உண்டு கற்றார் என்பர். 1015-இல் தேறி உயர்பதவி அடைந்தார். அடைந்தபின், 1050-ஐ ஒட்டிச் சூச்சௌ நகரில் நிலம் வாங்கித் தம் குலத்தார்க்குப் பொது அறமாக வைத்தார். அதன் விளைவிலிருந்து குலத்தார்க்கு அரிசியும், திருமணத்துக்கும் ஈமக்கடனுக்கும் பொருளும் அளிக்கப்பட்டன. பரீட்சைக்குச் செல்வோர்க்கு வழிச்செலவும் பின்னர்ச் சேர்ந்தது. பல நூற்றாண்டு நின்ற அவ்வறத்தைப் பார்த்துப் பிற குலத்தாரும் பொதுநிலமும் பள்ளியும் அமைத்தனர்.

இனி, இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. குலநிலம் உடைய குடிகளின் பிள்ளைகளே மேன்மேலும் தேறினர். கற்றும் தேறாதார் நிலையோ இரங்கத்தக்கது. மாகாணப் பரீட்சைக்கென நான்கிங் நகரில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட சிற்றறைகள் இருந்தன. மாகாணப் பரீட்சையில் தேறுவோர் நூற்றுக்கு ஒருவரோ இருவரோ ஆவர். கதையாசிரியர் பூ சுங்லிங் இளமையில் முதற்படி கடந்தவர். அடுத்த படியை ஆயுள் முழுவதும் முயன்றும் கடந்திலர். நான்குமுறை தோற்ற ஹுங் சியுசுவான் பின்னர்த் தைப்பிங் கலகத்தின் தலைவரானார். 1864-இல் அஃது அடங்குவதற்குள் இரண்டு கோடிப்பேர் அளவில் மாண்டனர்.

இவர்களேனும் அறைக்குள் இருந்து எழுதப் பெற்றவர்கள். பெண்மக்கள் உத்தியோகத்துக்கு உரியராகவே கருதப்படவில்லை. இழிந்தோர் என்று பெயரிடப்பட்ட குடிகளும் இருந்தன. 1723-இல் யுங்செங் பேரரசர், சான்சி, சென்சி மாகாணங்களில் வழிவழியாக ஆடலும் பாடலும் தொழிலாகச் சுமத்தப்பட்ட குடியினரின் இழிபெயரை நீக்கி ஆணை பிறப்பித்தார். நல்லாணையே. ஆயினும் 1771-இல் எழுந்த விதி, அத்தகைய குடியினர் பழந்தொழிலை விட்டதாக அரசுக்கு அறிவித்த பின், நான்காந் தலைமுறையினரே பரீட்சை எழுதலாம் என்றது. விடுதலை பெற்றவன், பரீட்சைக்குத் தன் கொள்ளுப்பேரன் பிறக்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று! பெயரை மூடி விடைத்தாளைத் திருத்தியவர்கள், பெயரைக் கேட்டே வாயிலை அடைத்தனர்.

அன்பர்களே! சீனத்தார் கண்ட முறையில் மதிக்கத்தக்கது பெயர் மறைத்த தாள். அதனினும் மதிக்கத்தக்கது, தாம் ஏறிய ஏணியைப் பின்வருவோர்க்கும் பொதுவாக்கிய பான் சுங்யெனின் நெஞ்சம். அஞ்சத்தக்கது, அவ்வேணியைத் தம் வீட்டுச் சுவரிலேயே சார்த்திவைத்துக் காக்கும் மனம். கல்விக்குப் பொருள் உதவும் எச்சங்கத்தாரும் இரண்டு வினாக்களைத் தம்மையே கேட்டுக்கொள்ளுதல் நலம். நம் உதவி இல்லாவிடினும் கற்கக்கூடியவனுக்கே அதனைக் கொடுக்கின்றோமா? நம் வாயிலுக்கு வெளியே நான்கு தலைமுறையாக நிற்பவன் யார்? இவ்விரண்டுக்கும் நாணாது விடை கூறவல்ல சமூகமே கல்வியால் உயர்ந்த சமூகம் என்று சொல்லி அமைகின்றோம்.