செவிலியர் தலைமையும் நோயாளர் நலமும்



செவிலியர் என்போர் மருத்துவர் இட்ட பணியை முடிப்பவர் என்றே பலரும் எண்ணுகின்றனர். உயர் பயிற்சி பெற்ற செவிலியர்க்கு மற்றொரு கடமையும் உண்டு. சிகிச்சை முறையிலுள்ள குறையைக் கண்டு, அதனைத் திருத்த முன்னிற்பதே அக்கடமை. இதனை ஒரு சான்றால் விளக்க விரும்புகிறோம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளரின் பெரிய இரத்தக் குழாயினுள், மருந்து செலுத்துவதற்கென மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்துவர். அதன் வழியே கிருமி புகுந்தால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த மருத்துவர் பீட்டர் புரோனோவோஸ்ட்டும் அவர்தம் குழுவினரும் இதற்கென ஐந்து விதிகளைத் தொகுத்தனர். கைகளைக் கழுவுதல், தொப்பி, முகமூடி, அங்கி, கையுறை அணிந்து, நோயாளர் உடலைத் தூய துணியால் மூடுதல், தோலைக் குளோர்ஹெக்ஸிடின் கொண்டு துடைத்தல், இயன்றவரை தொடையிடுக்கில் குழாய் பொருத்தாதிருத்தல், தேவை தீர்ந்த குழாயை அகற்றிவிடுதல். இவை மருத்துவர்கள் அறியாதவை அல்ல, அறிந்தும் தவறவிடப்பட்டவை.

புதுமை வேறோரிடத்தில் இருந்தது. விதி தவறினால், அவசர நிலை அல்லாதபோது, மருத்துவரையே தடுத்து நிறுத்தும் அதிகாரம் செவிலியர்க்கு அளிக்கப்பட்டது. 2003இல் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இப்பணி தொடங்கிற்று. பிரிவுதோறும் ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் குழுத் தலைவர்களாயினர். தேவையான பொருள்கள் யாவும் ஒரே தள்ளுவண்டியில் வைக்கப்பட்டன. தொற்றின் எண்ணிக்கை அந்தந்தப் பிரிவினர்க்கே தவறாது அறிவிக்கப்பட்டது. ஒரு நோயாளர் ஒரு நாள் குழாயுடன் இருப்பதை ஒரு குழாய் நாள் என்பர். 1,000 குழாய் நாட்களுக்குச் சராசரி 7.7 ஆக இருந்த தொற்று, பதினெட்டு மாதங்களுக்குள் 1.4 ஆகக் குறைந்ததென 2006இல் முடிவுகள் வெளியாயின.

பட்டியலைச் சுவரில் ஒட்டியதால் மட்டும் இது நிகழவில்லை. கீழ்ப்படியில் நிற்பவர் ‘நிறுத்துங்கள்’ என்று கூறவும், மேற்படியில் நிற்பவர் அதனைச் செவிமடுக்கவும், நிருவாகம் அவருக்குத் துணைநிற்கவும் வேண்டியிருந்தது. சொன்னவர் யார் என்று பாராமல் சொன்னது மெய்யா என்று பார்ப்பது எத்துணை அரிது என்பதை நம் சமூகத்தார்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இந்திய நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சைக்கென உயர்நிலைச் செவிலியர்க்கான ஈராண்டு முதுநிலைப் படிப்பை வகுத்துள்ளது. நம் பிள்ளைகள் அதனை நாட வேண்டும். நாடுவோர் ஊசி போடுவதோடு நில்லாது, குறையைக் கணக்கெடுக்கவும், பணிவு குன்றாமல் அஞ்சாது எடுத்துரைக்கவும் பழகுதல் வேண்டும். நாளை அவர்களே மேற்படியில் நிற்கும்போது, தமக்குக் கீழுள்ள கடைநிலை ஊழியரின் சொல்லுக்கும் செவி சாய்ப்பார்களாக! அதுவே தலைமை.