புயல் உதிர்த்த பச்சிலை



காரைக்காலில் அரசலாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தருகே, சேற்றில் நிற்கும் அலையாத்தி மரங்களை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். உவர்நிலத்தில் வாழும் இம்மரங்களுக்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும் எளிதில் கிடைப்பன அல்ல. ஆதலால் அவை மிகச் சிக்கனமாகக் குடித்தனம் நடத்துகின்றன. அச்சிக்கனத்தைப் புயல் எவ்வாறு குலைக்கிறது என்பதையே இன்று நான் சொல்ல விரும்புகிறேன்.

காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம் என்பது நம் பழமொழி. முதுமையை எள்ளலாகாது என்பது அதன் கருத்து. தாவர நூலார் அதில் வேறோர் உண்மையையும் காண்பர். இலை பழுத்து உதிருமுன், அதிலுள்ள தழைச்சத்திலும் மணிச்சத்திலும் ஏறத்தாழப் பாதியை மரம் கிளைக்குள் திரும்ப எடுத்துக்கொள்கிறது. புதுத் தளிருக்கு அச்சேமிப்பே கைம்முதல்.

2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்துடன் கரை கடந்தது. வடக்கே காரைக்காலில் மரங்கள் சாய்ந்தன. தெற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு பெருஞ்சேதமுற்றது. மாதக்கணக்கில் சிறுகச் சிறுக உதிர வேண்டிய இலைகள் ஒரே இரவில், பச்சையாகவே உதிர்ந்தன. மரம் திரும்பப் பெறாத சத்தும் அவற்றோடு சேற்றில் விழுந்தது.

அச்சத்து என்னவாகிறது? நண்டுகள் இலைகளை வளைக்குள் இழுத்துச் செல்கின்றன. நுண்ணுயிர்கள் அவற்றை மக்கச் செய்கின்றன. பச்சிலை பழுப்பிலையைவிட விரைவில் மக்கும். வேர்கள் உயிரோடிருந்தால் அச்சத்தை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். மடிந்திருந்தால் அதில் பெரும்பங்கு ஓதநீரோடு போய்விடக்கூடும். சில வேளைகளில் புயலே ஈடு செய்வதும் உண்டு. 2005-இல் அமெரிக்காவின் புளோரிடாவைத் தாக்கிய வில்மா புயல், கடற்சேற்றை அலையாத்திக் காட்டில் பரப்பி, மண்ணின் மணிச்சத்தைப் பெருக்கியதென ஆய்வாளர் கண்டனர்.

ஆயினும் அச்செல்வத்தைப் பயன்கொள்ள வேர் பிழைத்திருக்க வேண்டும். கிளை முறிந்த வெண்கண்டல் அடிமரத்திலிருந்து மீண்டும் துளிர்க்க வல்லது. சுரபுன்னைக்கு அவ்வாற்றல் மிகக் குறைவு. மூச்சுவேர்களைச் சேறு மூடி, நீரும் தேங்கிவிட்டால் வெண்கண்டலும் மடியும்.

ஆகவே, புயலுக்குப் பின் நாம் செய்யத்தக்கவை இரண்டு. அடைபட்ட வாய்க்கால்களைத் திறந்து, ஓதநீர் வந்து போக வழிசெய்ய வேண்டும். இலையையும் சுள்ளியையும் சேற்றிலேயே விட்டுவைக்க வேண்டும். நம் கண்ணுக்கு அவை குப்பை. காட்டுக்கோ அவை நாளைய தளிரின் உணவு. அதனை விறகென்று வாரிச் செல்வது முறையாகாது.