கையெழுத்துக்கு மேல என்ன எழுதியிருக்கு?

நாளைக்கு ஆகஸ்ட் 15.

எனக்கு மைக்குல பேசிப் பழக்கமில்ல. பத்தாவதுதான் படிச்சிருக்கேன். பாவூர்சத்திரம் பக்கத்துல ஒரு சின்ன ஊர்ல வாக்கப்பட்டவ. தப்பிருந்தா பொறுத்துக்கிடுங்க.

சின்னதுல எனக்குச் சுதந்திர தினம்னா மிட்டாய்தான். சட்டையில கொடி குத்திக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவோம். கொடி விரியும்போது பூ உதிரும். பூலித்தேவரோட நெல்கட்டும்செவலும், வாஞ்சிநாதனோட செங்கோட்டையும் நம்ம பக்கத்து ஊருங்கன்னு சார் சொல்லும்போது பெருமையா இருக்கும்.

கல்யாணமாகி வந்த பிறகு ஆகஸ்ட் 15-ன்னா கிராம சபைக் கூட்டம்னு ஆயிட்டு. 501 முதல் 3000 பேர் வரை இருக்கிற ஊராட்சியில 100 பேராவது வந்தாத்தான் கூட்டம் செல்லும். எங்க ஊர்ல அதுல பாதிக்கு மேல நம்ம குழுப் பெண்கள்தான். போவோம், நோட்டுல கையெழுத்துப் போடுவோம், சுத்த வேண்டிய பீடி கெடக்குன்னு ஓடி வந்துருவோம். பத்து வருஷம் அப்படித்தான் போச்சு.

மூணு வருஷத்துக்கு முன்னால, தெருமுக்குல விளக்கு எரியாததால எங்க அத்தை இருட்டுல வாறுகால்ல விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சிட்டு. ஆஸ்பத்திரியில உக்காந்து யோசிச்சேன். நம்ம குழுவுல பத்தாயிரம் ரூபாய் கடன் கொடுக்கணும்னாலும் தீர்மான நோட்டை ஒருத்தி சத்தமா வாசிப்பா. அதுக்கப்புறம்தான் கையெழுத்து. வட்டியில ஒரு ரூபாய் தப்புன்னாலும் விடமாட்டோம். ஊர்க் காரியத்துக்கு மட்டும் ஏன் வாசிக்காமப் போடுதோம்? எங்க ஆச்சி கைநாட்டு. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சும் வாசிக்கல. அப்ப ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்?

அந்த ஆகஸ்ட் 15-ல எந்திரிச்சுக் கேட்டேன்: "சார், கையெழுத்துக்கு மேல என்ன எழுதியிருக்கு? வாசிங்க." கை நடுங்கிச்சு. "பொம்பளைக்கு இது என்னத்துக்கு?"ன்னு பின்னால ஒரு குரல். எங்க குழுவுல பன்னிரண்டு பேரும் எந்திரிச்சு நின்னுட்டாங்க. வாசிச்சாங்க. தெருவிளக்குன்னு ஒரு வார்த்தை இல்ல. எழுத வச்சோம், அப்புறம்தான் கையெழுத்துப் போட்டோம்.

உடனே வந்துரல. அக்டோபர் 2-ல கேட்டோம். ஜனவரி 26-ல கேட்டோம். மே 1-க்கு முன்னால விளக்கு எரிஞ்சிட்டு. அத்தை இன்னும் கம்பு ஊணித்தான் நடக்காங்க. ஆனா ராத்திரி வாசல்ல உக்காந்து அந்த விளக்கைப் பாத்துக்கிட்டே இருப்பாங்க.

ஊராட்சி வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிற எல்லாரும் கிராம சபை உறுப்பினர்தான். யாரும் நம்மளக் கூப்பிட்டு உக்கார வைக்கணும்னு இல்ல. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இந்த ஆறு நாளையும் வீட்டுக் காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க. கேக்க வேண்டியதை ஒரு தாள்ல எழுதிக் கொண்டு போங்க. தனியாப் போகாதீங்க, குழுவாப் போங்க.

நாளைக்குக் கொடி ஏத்துவோம், மிட்டாய் வாங்குவோம், பிள்ளைங்களுக்கும் கொடுப்போம். கூட்டம் முடியுற வரைக்கும் இருப்போம். நோட்டு கைக்கு வந்தா, முதல்ல வாசிப்போம். அப்புறம் கையெழுத்துப் போடுவோம்.