நாய் யாருடையது?
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சங்கத்தில் கடன் பெற்று ஆடு வாங்கிய ஒருவர், விடியற்காலையில் பட்டிக்குச் சென்று பார்க்கையில், இரண்டு ஆடுகள் குரல்வளை கடிபட்டுக் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆடு போயிற்று, தவணை போகவில்லை. கடித்தது எந்த நாயென்று ஊரார் அறிவர். ஆயினும், "அது என் நாயன்று, எங்கள் திண்ணையில் படுத்திருக்கும், அவ்வளவே" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டால் வழக்கு அங்கேயே நின்றுவிடும். நாய் வளர்ப்பைப்பற்றிச் சட்டம் செய்வோர் முதலில் இம்மறுமொழிக்கு வழி அடைக்கவேண்டும்.

ஆட்டு மந்தைகள் மிகுந்த இங்கிலாந்தில் இச்சங்கடம் நெடுங்காலம் இருந்தது. நாயின் கடிக்கும் சுபாவத்தை எஜமானன் முன்னமே அறிந்திருந்தான் என்பதை, நஷ்டமடைந்தவனே ருஜுப்படுத்த வேண்டியிருந்தது. பிறர் மனத்திலிருந்ததை ஓர் இடையன் எங்ஙனம் ருஜுப்படுத்துவான்? 1865-ம் வருஷத்துச் சட்டம் ஆடுமாடுகள் விஷயத்தில் இந்நிபந்தனையை நீக்கிற்று. 1906-ம் வருஷத்து நாய்ச் சட்டத்தில் உள்ள விதி நாம் கவனிக்கத்தக்கது: எந்த வீட்டில் நாய் வைக்கப்பட்டதோ, அல்லது தங்க விடப்பட்டதோ, அவ்வீட்டுக்காரரே அதன் எஜமானர் எனக் கொள்ளப்படுவார், அல்லவென்றால் அவரே அதனை நிரூபிக்கவேண்டும். நாயின் கழுத்துப்பட்டையில் எஜமானர் பெயரும் விலாசமும் இருக்கவேண்டும் என்றும், இரவில் நாயைத் திரியவிடலாகாது என்றும் உத்தரவிட அச்சட்டம் இடந்தந்தது.

"ஒரு பிடி சோறு போட்டவனெல்லாம் நஷ்டஈடு கட்டுவதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வியே. சோறு போட்டதனாலேயே பொறுப்பு வருவதாயின், ஈகையுள்ளவனே தண்டிக்கப்படுவான். ஆகையால்தான் அவ்விதி உணவைச் சொல்லாது, தங்குமிடத்தைச் சொல்லிற்று. 1971-ல் அதற்குப் பதிலாக வந்த பிராணிகள் சட்டமும் நாய் வைத்திருப்பவர்மீதே பொறுப்பைச் சுமத்துகிறது. ஆனால் ஆடு பிறர் நிலத்தில் தானே புகுந்து, அந்நிலத்துக்குரியவரின் நாயால் மடிந்தால், அவருக்குப் பொறுப்பில்லை. மேய்ப்பவனுக்கும் கடமையுண்டன்றோ?

நம் தேசத்தில் 2023-ம் வருஷத்துப் பாரதிய நியாய சம்ஹிதையின் 291-வது பிரிவு, பிராணியைக் கவனக்குறைவாக வைத்திருப்பவரைத் தண்டிக்கிறது. எனினும் அது மனித உயிருக்கோ உடலுக்கோ நேரும் அபாயத்தைப் பற்றியது, ஆட்டைப் பற்றியதன்று.

சங்கம் சட்டம் இயற்ற இயலாது; ஆனால் புத்தகம் வைக்க இயலும். ஆட்டுக்கடன் பெறுவோரும் மற்ற அங்கத்தினரும் தத்தம் வீட்டில் தங்கும் நாய்களை அடையாளத்துடன் அதில் பதியவேண்டுகிறேன். வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தேதியையும் பக்கத்திலேயே எழுதலாம். என் வீட்டில் இரண்டு நாய்கள் தங்குகின்றன; முதல் வரியில் அவற்றை எழுதிக்கொள்ளுமாறு காரியதரிசியைக் கேட்டுக்கொள்கிறேன்.